காவிரி டெல்டாவில் மெலிந்த மண்ணுக்குக் கரிமக் கழிவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்டா என்றாலே வண்டல் பூமி ஆயிற்றே. இங்கே மெலிந்த மண் எங்கே இருக்கிறது?

டெல்டா முழுவதும் ஒரே மண் அல்ல. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கத்துப் பழைய டெல்டாவில் நீரைப் பிடித்து வைக்கும் கனத்த களிமண் இருக்கிறது. கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களோ வேறு கதை. ஊர்வழக்கில் புது ஆறு எனப்படும் இந்தக் கால்வாய் 1934-ல் மேட்டூர் அணையையொட்டித் தண்ணீர் பெற்றது. அதுவரை அந்த நிலங்களில் பெரும்பாலானவை வானம் பார்த்த செம்மண் மேடுகள். வேதாரண்யம் கரையோரம் மணற்பாங்கானது. இடையிடையே சோடியத்தால் இறுகிய களர் நிலமும் உப்பு மிகுந்த உவர் நிலமும் திட்டுத்திட்டாகக் கிடக்கின்றன.

பழைய டெல்டாக்காரர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. மேட்டூர் அணை வந்த பிறகு ஆற்றோடு வந்துகொண்டிருந்த வண்டலில் பெரும்பகுதி அணையிலேயே தங்கிவிடுகிறது. ஆண்டுதோறும் ஆறு தானாகக் கொண்டுவந்து போட்ட எருவை இப்போது நாம்தான் போட வேண்டியிருக்கிறது. மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் (தழை, சாணம் போன்றவை மக்கி மண்ணில் தங்கும் கரிமம்) 0.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் குறைவு என்றும், 0.75 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதிகம் என்றும் கணக்கிடுகிறார்கள். உங்கள் அட்டையை எடுத்து அந்த ஒரு எண்ணை முதலில் பாருங்கள். இந்தப் பக்கத்தில் சொல்லப்படுவது அனைத்தும் அந்த எண்ணைச் சுற்றியே நிற்கிறது.

வருடந்தோறும் வண்டி வண்டியாக எரு அடிக்கிறோம். ஆனாலும் கரிமம் ஏறவில்லையே, ஏன்?

நம் வெயிலும் ஈரமும்தான் காரணம். மண்ணில் போட்ட தழையையும் சாணத்தையும் தின்று வாழும் நுண்ணுயிர்கள், சூடும் ஈரமும் சேர்ந்தால் வெகு வேகமாக வேலை செய்கின்றன. 1977-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரே வகைப் புல்லை இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் நிலத்திலும் நைஜீரியாவின் இபாதான் நிலத்திலும் புதைத்துப் பார்த்தபோது, மக்கும் போக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுபோல் இருந்தது; ஆனால் இபாதானில் அது நான்கு மடங்கு வேகமாக நடந்தது. நம் தஞ்சாவூர் வெயில் இபாதானுக்கு எந்த விதத்திலும் குறைந்தது அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் மேல் அரை அடி மண் ஏறக்குறைய 900 டன் எடை இருக்கும். அதில் கரிமத்தை 0.1 சதவீதம் மட்டும் உயர்த்த 900 கிலோ கரிமம் நிலையாகத் தங்க வேண்டும். ஒரு டன் காய்ந்த வைக்கோலில் இருக்கும் கரிமம் சுமார் 400 கிலோ. அதில் ஓராண்டு கழித்து ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், நிற்பது 80 கிலோ. அப்படியானால் 0.1 சதவீதத்துக்குப் பதினொரு டன்னுக்கு மேல் காய்ந்த பொருள் வேண்டும்; ஏற்கெனவே மண்ணில் இருக்கும் கரிமமும் இதற்கிடையில் கரைந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரே ஆண்டில் மண்ணை மாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லி எதையாவது விற்க வருபவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

போட்டது எல்லாம் எரிந்துபோகும் என்றால், எதற்காகப் போட வேண்டும்?

எரிந்துபோவதில்தான் பயனும் இருக்கிறது. நுண்ணுயிர் தின்னும்போதுதான் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கந்தகமும் விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கின்றன. அவை சுரக்கும் பசைதான் மண் துகள்களைக் கட்டிகளாகச் சேர்த்துப் பிடிக்கிறது. செம்மண்ணில் இன்னும் ஒரு பெரிய காரணம் உண்டு. அங்கே இருக்கும் களி வகை சத்துகளைப் பிடித்து வைக்கும் திறன் குறைந்தது. இட்ட யூரியாவும் பொட்டாஷும் நல்ல மழை ஒன்றில் கீழே இறங்கிவிடும். அந்த மண்ணில் சத்தைப் பிடித்து வைக்கும் கைகளில் பெரும்பாலானவை மக்கின் கைகளே. மணிச்சத்தோ நேர்மாறாக இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு பயிருக்கு எட்டாமல் போகிறது. மக்கும்போது பிறக்கும் அமிலங்கள் அந்தப் பிடியைச் சற்றுத் தளர்த்துகின்றன.

எனவே எருவைச் சேமிப்பாக நினைக்காமல், மண்ணுக்குப் போகந்தோறும் போடும் சோறாக நினைக்க வேண்டும். ஒரு நாள் விருந்து போட்டுவிட்டு மூன்று வருடம் பட்டினி போடுவதைவிட, குறைந்த அளவாக இருந்தாலும் விடாமல் போடுவது மண்ணுக்கு நல்லது.

எந்தக் கழிவை நேராக வயலில் போடலாம், எதை மக்க வைத்துப் போட வேண்டும்?

மிக முக்கியமான கேள்வி இது. கழிவில் உள்ள தழைச்சத்தின் அளவு, மரத்தன்மை தரும் லிக்னின், துவர்ப்பு தரும் பொருட்கள் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தீர்மானிக்கின்றன. காய்ந்த எடையில் தழைச்சத்து 2.5 சதவீதத்துக்கு மேலும், லிக்னின் 15 சதவீதத்துக்குக் குறைவாகவும், துவர்ப்புப் பொருள் 4 சதவீதத்துக்குக் குறைவாகவும் இருந்தால் அதை நேராகச் சேற்றில் மிதித்து விடலாம். சில வாரங்களிலேயே பயிருக்குச் சத்து கொடுக்கத் தொடங்கும். உரத்துக்காகவே வளர்த்து மடக்கும் தக்கைப்பூண்டு இளமையில் இருக்கும்போதும், கிளைரிசிடியா மரத்தின் தழையும் இந்த வகை. தழைச்சத்து போதுமான அளவு இருந்தும் நாரோ துவர்ப்போ மிகுந்த தழைகள் மெதுவாகவே விடும் என்பதால், அவற்றோடு கொஞ்சம் உரம் சேர்க்க வேண்டும் அல்லது முதலில் மக்க வைக்க வேண்டும். வைக்கோலைப் போல் தழைச்சத்தும் குறைவு, மரத்தன்மையும் குறைவு என்றால், தழைச்சத்துக் கொடுத்து மடக்கி உழலாம் அல்லது குழியில் மக்க வைக்கலாம். இரண்டு வகையிலும் தேறாத தென்னை மட்டை, சவுக்குச் சிம்பு போன்றவை மண்ணின் மேல் மூடாக்காகக் கிடக்கட்டும். உள்ளே புதைத்தால் பயிரின் பங்கைப் பிடுங்கும்.

ஆய்வகம் இல்லாமல் இதை எப்படி அறிவது என்றால், கையும் கண்ணும் போதும். இலை கரும்பச்சையாக இருந்தால் தழைச்சத்து உண்டு. வெளிறி மஞ்சளாக இருந்தால் இல்லை. விரலால் கிழித்தால் சட்டென்று கிழிகிறதா, நார் நாராக இழுக்கிறதா என்பது மரத்தன்மையைச் சொல்லும். துவர்ப்பை நாக்கால் அறியலாம் என்றாலும், எருக்கு போன்ற நச்சுப் பால் உள்ள செடிகளை வாயில் வைக்கவே கூடாது; பழகிய, உண்ணத் தகுந்த இலையைத் தவிர வேறு எதையும் சுவைக்க வேண்டாம்.

வைக்கோலை விற்பதா, வயலிலேயே விடுவதா?

பேலர் இயந்திரம் வந்தபிறகு அறுத்த சில நாட்களுக்குள் வைக்கோல் கட்டாகி லாரியில் ஏறிவிடுகிறது. கையில் கிடைக்கும் காசு கண்ணுக்குத் தெரிகிறது. வயலை விட்டுப் போவது தெரிவதில்லை. ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும், ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) இருக்கும். ஏக்கருக்கு இரண்டு டன் போனால் குறைந்தது ஒரு மூட்டைப் பொட்டாஷ் உரம் லாரியில் போகிறது என்று பொருள். நெற்பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு நெல்லுக்குப் போகாமல் வைக்கோலிலேயே தங்குவதுதான் இதற்குக் காரணம். தாளுக்கு உறுதி தரும் மணற்சத்தான சிலிக்காவும் கூடவே போகிறது.

வீட்டில் மாடு இருந்தால் வைக்கோல் மாட்டுக்குத்தான்; அது சாணமாகத் திரும்பி வந்தால் கணக்கு பெரிதும் கெடாது. மாடு இல்லாதவர்கள், செம்மண்ணில் நெல் வைப்பவர்கள், பாதியையாவது நிலத்தில் விட வேண்டும் என்பது என் கருத்து. எரிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். எரித்தால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையாகப் போகிறது. மணிச்சத்தில் கால் பங்கும் சாம்பல்சத்தில் ஐந்தில் ஒரு பங்கும் இழப்பு.

வைக்கோலை மடக்கி உழுதால் நட்ட பயிர் மஞ்சளாகிறதே?

வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு அறுபது முதல் எண்பது பங்கு கரிமம் இருக்கிறது. நுண்ணுயிரின் உடலுக்கோ பத்துப் பங்குக்கு ஒரு பங்கு தழைச்சத்து தேவை. வைக்கோலைத் தின்ன உட்காரும் நுண்ணுயிர், குறைகிற தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பந்தியில் பயிர் பின்னால் தள்ளப்படுகிறது. சில வாரங்களில் அதே நுண்ணுயிர்கள் மடிந்து அதைத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் தூர் கட்டும் பருவத்தில் பட்ட பசியைப் பின்னால் வரும் சோறு ஈடு செய்யாது.

ஆகவே நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மடக்கி உழுது தண்ணீர் கட்டுவது முறை. குறுவை அறுத்துத் தாளடி நடுபவருக்கு அவ்வளவு நாள் கிடைப்பதில்லை. அவர்களுக்காகவே வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் ஒரு வழி இருக்கிறது. முதல் சேற்றுழவில் தாளை மடக்கும்போது எக்டருக்கு 22 கிலோ, அதாவது ஏக்கருக்கு 9 கிலோ யூரியா இட வேண்டும். நடவுக்குக் குறைந்தது பத்து நாள் இருக்க வேண்டும். இது நுண்ணுயிருக்கான பங்கு. பயிருக்கான அடியுரக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இந்த அளவு அறுத்தபின் நிற்கும் அடித்தாளுக்கானது என்பதால், தாளடிக்காரர்கள் முழு வைக்கோலையும் மடக்காமல், அடித்தாளை உழுது மேல் வைக்கோலை எருக்குழிக்குக் கொண்டுபோவது பாதுகாப்பானது.

தக்கைப்பூண்டை எப்போது விதைப்பது? இடைவெளியே இல்லையே.

மூன்று போகமும் எடுப்பவருக்கு இடைவெளி இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு போகச் சம்பா எடுப்பவருக்கு மாசியிலிருந்து ஆடி வரை நிலம் சும்மா கிடக்கிறது. வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததும் ஏக்கருக்கு 20 கிலோ விதையைத் தூவினால், சம்பா நாற்று தயாராவதற்குள் பூக்கும் தறுவாய்க்கு வந்துவிடும். சித்திரை, வைகாசியில் நல்ல கோடைமழை கிடைத்தால் அந்த ஈரத்திலேயே புழுதி உழவு ஓட்டி விதைக்கலாம்.

நாற்பத்தைந்தாம் நாள் வாக்கில், தண்டு விரலால் ஒடியும் இளமையில், மடக்கி மிதிக்க வேண்டும். ஏக்கருக்கு 5 முதல் 8 டன் பசுந்தழை கிடைத்தால் 25 முதல் 40 கிலோ வரை தழைச்சத்து மண்ணுக்குப் போகிறது; 45 கிலோ யூரியா மூட்டைக் கணக்கில் ஒன்றிலிருந்து இரண்டு மூட்டை. இன்னும் கொஞ்சம் வளரட்டும், நிறையத் தழை கிடைக்கும் என்று காத்திருந்து, தண்டு மரமான பிறகு ரோட்டவேட்டர் விடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அப்போது எடை கூடும், குணம் குறையும். மேலே சொன்ன முதல் வகைத் தழை நான்காம் வகைக்கு இறங்கிவிடும்.

செம்மண் மேட்டில் தண்ணீர் தேங்காத இடத்துக்குச் சணப்பையும் கொளிஞ்சியும் பொருந்தும். கொளிஞ்சியை ஒரு முறை விதைத்துக் காய் முற்ற விட்டால், விழுந்த விதை அடுத்த ஆண்டு தானாக முளைக்கும். வரப்பிலும் வேலியிலும் கிளைரிசிடியாப் போத்து நட்டு வைப்பவருக்கு, நிலம் ஒதுக்காமலே ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தழை வெட்டக் கிடைக்கும். முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் பசுந்தாள் விதை மானியத்தில் தரப்படுவதால், விதைப்புக்கு முன்பே வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுவைப்பது நல்லது.

சம்பா அறுவடைக்குப் பின் உளுந்து போடுவதும் இதில் சேருமா?

கட்டாயம் சேரும். அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப் பயறையும் தெளிப்பது டெல்டாவின் பழைய அறிவு. பனியும் எஞ்சிய ஈரமும்தான் அதற்குத் தண்ணீர். நெற்றைப் பறித்துக்கொண்டு கொடியை நிலத்திலேயே விட வேண்டும். வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோனால் மண்ணுக்கு மிஞ்சுவது உதிர்ந்த இலை மட்டுமே.

தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறது. அப்படியே கொட்டலாமா?

கூடாது. இதை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். ஒரு வருடம் கயிற்று ஆலையிலிருந்து வந்த புது நார்க்கழிவை இரண்டு மா நிலத்தில் வைத்த கத்தரிக்கு நேராகப் போட்டேன். மண் பஞ்சுபோல் ஆயிற்று, செடி மட்டும் இரண்டு மாதம் வெளிறி நின்றது. நார்க்கழிவில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் நூறு பங்குக்கு மேல். எடையில் முப்பது சதவீதம் அளவுக்கு லிக்னின். உப்பும் கூடுதலாக இருப்பது உண்டு.

மக்க வைக்கும் முறை எளியது. ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் ஐந்து புட்டி சிப்பிக்காளான் வித்தும் வேண்டும். நிழலில் 100 கிலோ நார்க்கழிவைப் பரப்பி அதன்மேல் ஒரு புட்டி வித்து, அதன்மேல் மீண்டும் 100 கிலோ நார்க்கழிவு, அதற்கு ஒரு கிலோ யூரியா என்று மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் அறுபது நாளில் கறுத்து, கரிம விகிதம் இருபத்தைந்துக்குப் பக்கத்தில் இறங்கும். லிக்னினை உடைக்கும் வல்லமை காளானுக்கு இருப்பதால்தான் இந்த ஏற்பாடு. தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் நீரைப் பிடிக்கும் இந்தப் பொருள், பட்டுக்கோட்டைச் செம்மண்ணுக்கும் வேதாரண்யம் மணலுக்கும் கிடைத்த வரம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் சாய்த்த தென்னைகளை அப்புறப்படுத்த வழியில்லாமல் பலர் தீ வைத்ததைப் பார்த்தோம். எத்தனை மண்ணுக்கு மூடாக்காகியிருக்க வேண்டியவை அவை என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆட்டுக்கிடை போடுவது இன்றைக்கும் பயன் தருமா?

பயன் தருவதில் எனக்கு ஐயமே இல்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்கும் கீதாரிகள் அறுவடை முடிந்த டெல்டா வயல்களுக்கு மந்தையோடு வந்து, இரவில் அதை வயலிலேயே அடைத்துக் கிடை போடுவது நெடுங்காலப் பழக்கம். தொழுவத்து எருவில் மூத்திரத்தின் சத்து பெரும்பாலும் தரையோடு போய்விடுகிறது. கிடையில் அது நேராக வயலில் இறங்குகிறது. கிடை பெயர்ந்ததும் தாமதமில்லாமல் மேலாக ஒரு உழவு ஓட்டிவிட வேண்டும். வெயிலில் விட்டால் மூத்திரத்தின் தழைச்சத்து ஆவியாகப் போகும். கிடைக்கு அருகில் மூக்கை உறுத்தும் அந்த நெடியே அதுதான்.

வாய்க்காலில் அடைந்து கிடக்கும் ஆகாயத்தாமரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் எருவாக்கலாமா?

ஆகாயத்தாமரையை பூத்து விதை வைக்குமுன் அள்ளி, இரண்டு நாள் வாட விட்டு, சாணத்தோடு அடுக்கி மக்க வைக்கலாம், சாம்பல்சத்து நிறைந்தது. காட்டாமணக்கின் வெட்டிய தண்டு ஈரத்தில் பட்டால் வேர் விடும். இலையை மட்டும் எடுத்துத் தண்டைக் காய விடுங்கள்.

தழை போட்ட வயலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது, வேர் கறுக்கிறது. என்ன செய்வது?

இது பெரும்பாலும் பழைய டெல்டாவின் களிமண்ணில் வரும் சிக்கல். வடியாத தண்ணீருக்கடியில் பசுந்தழை அதிகமாக மக்கும்போது காற்று தீர்ந்து, ஐதரசன் சல்பைடு வாயு உண்டாகி வேரைத் தாக்குகிறது. கூடவே மீத்தேனும் கிளம்புகிறது. தண்ணீரை வடித்து, மண் மயிர்க்கோடாக வெடிக்கத் தொடங்கும் வரை காய விட்டு மறுபடி கட்டுங்கள். சில நாளில் வெள்ளை வேர் புதிதாக இறங்கும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் பெரியவர்கள் சொன்ன அதே முறைதான் இதற்கும் மருந்து. வடிகால் கெட்ட வயலில் பச்சைத் தழையைக் குறைத்து, மக்கிய எருவைக் கூட்டுவது நல்லது.

களர் நிலத்தையும் உவர் நிலத்தையும் எருவால் மட்டும் மீட்க முடியுமா?

இரண்டும் வேறு வேறு நோய். உவர் நிலத்தில் கரையும் உப்பு மிகுந்திருக்கிறது. நல்ல தண்ணீர் கட்டி, கரைத்து, வடித்து வெளியேற்ற வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் கரையோர நிலங்களில் மழையால் உப்பு இறங்கியதும் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கியது இந்த முறையில்தான். களர் நிலத்தில் சோடியம் களியோடு ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடுகிறது. அதை விரட்டச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். மண் பரிசோதனை சொல்லும் அளவு ஜிப்சம் இட்டுத் தண்ணீர் கட்டி வடித்த பிறகே தழை உரம் முழுப் பலன் தரும். முதல் இரண்டையும் விட்டுவிட்டு எருவை மட்டும் கொட்டுவது பணத்துக்குக் கேடு. தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் உள்ள மண், நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணையும் ஆழ்குழாய்த் தண்ணீரையும் சேர்த்துக் காட்டி முடிவு செய்யுங்கள். நோய் தண்ணீரில் இருந்தால் மண்ணுக்கு வைத்தியம் பார்த்துத் தீராது.

அரிசி ஆலையில் கிடைப்பது சாம்பலா, கரியா? இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. நன்றாக எரிந்த வெளிறிய உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. கரிமம் மிகக் குறைவு. காற்றுக் குறைவில் வெந்த கறுப்பு உமிக்கரியில் கரிமம் தங்கியிருக்கிறது. நுண்ணுயிரால் எளிதில் தின்ன முடியாததால் அது பல பத்தாண்டுகள் மண்ணில் நிற்கும். அமேசான் காட்டில் பழங்குடிகள் கரியும் எலும்பும் குப்பையும் சேர்த்து உருவாக்கிய கறுப்பு மண் பல நூறு ஆண்டுகள் கழித்தும் வளமாக இருப்பது இதற்குச் சான்று. ஆனால் உமிக்கரியில் சத்து அதிகம் இல்லை. அதைச் சாணத்தோடும் மூத்திரத்தோடும் எருக்குழியில் ஊற வைத்துப் போடுவதே முறை.

ரசாயன உரத்தை அடியோடு நிறுத்திவிடலாமா?

மண் மெலிந்திருக்கும்போதே நிறுத்தினால் விளைச்சல் விழும். விளைச்சல் விழுந்தால் வைக்கோலும் வேரும் குறையும். மண்ணுக்குத் திரும்புவதும் குறையும். பல்கலைக்கழகம் சொல்லும் ஏக்கருக்கு 5 டன் தொழு உரமோ 2.5 டன் தழை உரமோ முதலில் தவறாமல் போகட்டும். அது மண்ணில் பேசத் தொடங்கிய பிறகு, இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து யூரியாவைப் படிப்படியாகக் குறைக்கலாம்.

குத்தகை நிலத்தில் பயிர் செய்கிறேன். அடுத்த வருடம் நிலம் என்னிடம் இருக்குமா என்று தெரியாது. நான் ஏன் எரு போட வேண்டும்?

டெல்டாவில் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மிகப் பலர். இதில் தவறு எதுவும் இல்லை. கரிமம் ஏறுவதற்கு ஆண்டுகள் ஆகும், குத்தகையோ ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. உங்களுக்கு நான் சொல்வது, போட்ட அதே போகத்தில் திரும்பி வருவதை மட்டும் தேர்ந்தெடுங்கள் என்பதே. தக்கைப்பூண்டு, கிளைரிசிடியாத் தழை, கிடை, அடித்தாளை மடக்குவது ஆகிய நான்கின் பலனில் பெரும்பங்கு நீங்கள் அறுக்கும் நெல்லிலேயே கிடைத்துவிடும். வயலுக்கு வண்டல் மண் கொண்டுவந்து அடிப்பது, நார்க்கழிவு, உமிக்கரி, ஜிப்சம் ஆகியவை நிலத்துக்காரர் போட வேண்டியவை. குத்தகை பேசும்போதே, வைக்கோல் யாருக்கு, வண்டல் செலவில் யாருக்கு எத்தனை பங்கு, எத்தனை ஆண்டுக்கு நிலம் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிலத்துக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மூன்று ஆண்டுக்காவது குத்தகையை உறுதி செய்தால், உங்கள் மண்வள அட்டையின் அந்த எண் ஏறுவதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.